அகழித் தெரு வேண்டாம்

பனமலை
12-5-1946

கம்பவுண்டர் ஆரோக்கியநாதன் அவர்களுக்கு,

மூன்று வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறீர்கள். எழுதுவதா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். என் சொந்தக் காரியமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

என் மகள் சுந்தராம்பாளுக்குப் பதினெட்டு நடக்கிறது. செஞ்சியில் வருகிற ஜூலையில் தொடங்கப்போகும் பெண்கள் டிரெயினிங் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷம் படித்தால் வாத்தியாரம்மா ஆகலாம். ஆனால் அங்கே விடுதி கிடையாது. "மாணவிகள் ஊரில் தக்க இடத்தில் தங்கி, தினமும் வந்துபோக வேண்டும். தங்கும் விலாசத்தை ஜூன் 25-க்குள் தெரிவிக்கவும்" என்று தலைமை ஆசிரியை எழுதியிருக்கிறார்.

என் பெரியப்பா மகன் துரைக்கண்ணு அங்கே அகழித் தெருவில் இருக்கிறான். பள்ளிக்கு மூன்று நிமிஷ நடை. வாடகை வாங்க மாட்டான். அவன் வீட்டிலேயே விடலாம் என்று இருக்கிறேன். ஆனால் கோட்டை அகழியை ஒட்டின அந்தத் தெருவில் மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர் காய்ச்சலோடு வருகிறார்கள் என்பது டிஸ்பென்சரியில் மருந்து கலக்குகிற உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அதனால் கேட்கிறேன். அந்தத் தெரு ஆகுமா, ஆகாதா?

என் மனைவி மீனம்பாள் போன விஷயத்தைப் பற்றி இதில் நான் எழுதவில்லை. நீங்களும் எழுத வேண்டாம். மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பாத்தியதையைச் சொல்லியும் கேட்கவில்லை.

ப. ரங்கநாதன்


செஞ்சி
17-5-1946

அன்புள்ள ரங்கநாதனுக்கு,

உன்னை நீ என்று எழுதுவதா, நீங்கள் என்று எழுதுவதா என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். நீ என்றே எழுதுகிறேன். உனக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த கடிதத்தில் சொல், மாற்றிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

சுந்தராம்பாள் வாத்தியாரம்மா ஆகப்போகிறாள் என்று என் வீட்டுக்காரி லில்லியிடம் சொன்னேன். அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்து, "அந்தச் சின்னப் பொண்ணா? அதுக்குள்ள இம்மாந்தூரம் வளந்துட்டாளா?" என்றாள்.

கேட்டதற்குப் பதில்: அகழித் தெரு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசமும் அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது கம்பளியைப் போர்த்திக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அகழியில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்துக் கிடக்கிறது. சாயங்காலம் அங்கே நின்றால் கொசு முகத்தில் மோதும். பழகினவர்கள் காய்ச்சலோடு வாழக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக வருகிற உடம்பு தாங்காது.

மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பஜார் பக்கம் காய்ச்சல் குறைவு, ஆனால் கள்ளுக்கடையும் லாரி ஷெட்டும் அங்கேதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வயசுப் பெண் தனியாக நடக்க முடியாது. அக்கிரகாரத்தில் நமக்கெல்லாம் வீடு தர மாட்டார்கள். எங்கள் மாதா கோயில் தெருவில் இடம் இருக்கிறது, ஆனால் பள்ளிக்கு இரண்டு மைல்.

மிச்சம் இருப்பது மேட்டுத் தெரு. பாறை மேல் இருக்கிற தெரு. மழை நின்ற அரை மணியில் தரை காய்ந்துவிடும். ஆறு வருஷத்தில் அந்தத் தெருவிலிருந்து குளிர்காய்ச்சல் என்று வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அங்கே அமிர்தவல்லி அம்மாள் என்கிற மருத்துவச்சி வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. வாடகை மூன்று ரூபாய்.

யோசித்து எழுது.

ஆரோக்கியநாதன்


பனமலை
25-5-1946

கம்பவுண்டர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எப்படி எழுதுவது என்பது உங்கள் இஷ்டம்.

அமிர்தவல்லி அம்மாளைப் பற்றி விசாரித்தேன். புருஷன் ரங்கூனுக்குப் போய், ஜப்பான்காரன் குண்டு போட்டதற்குப் பிறகு தகவல் இல்லையாம். தனியாக இருக்கிறாராம். பிரசவம் என்று யார் கூப்பிட்டாலும் எந்த நேரத்திலும் கிளம்பிவிடுவாராம். அவர் போன பிறகு அந்த வீட்டில் என் பெண் யார் துணையில் இருப்பாள்? சொந்தச் சித்தப்பா வீடு இருக்கும்போது ஒற்றைப் பொம்பளை வீட்டில் பெண்ணை வாடகைக்கு வைத்தான் என்று ஊர் பேசாதா? கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்.

துரைக்கண்ணு காதுக்கு இது எப்படியோ போய்விட்டது. நேற்று இங்கே வந்துவிட்டான். "இன்னா அண்ணா, என் வூட்டுல சோறு இல்லியா, பாய் இல்லியா? எவனோ சொன்னான்னு வெளி வூட்டுல விடுறியே" என்று வாசலில் நின்றே கேட்டான். உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தினமும் போய்வர முடியுமா என்றும் பார்த்தோம். போன திங்கட்கிழமை நானும் அவளும் விடியற்காலையில் வண்டி கட்டி அனந்தபுரம் போய், அங்கிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரி அடுப்பில் ஓடுகிற பஸ்ஸில் ஏறினோம். மேட்டில் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடுப்பைக் கிளறி, விசிறியைச் சுற்றி, எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னார். செஞ்சி சேரும்போது மணி பதினொன்றரை. பள்ளி பத்து மணிக்கு. சுந்தராம்பாள் முகமெல்லாம் கரி. சிரித்துக்கொண்டே, "நைனா, நான் பாடம் நடத்தப் போறனா, பஸ் தள்ளப் போறனா?" என்றாள்.

ஆகவே தங்கித்தான் ஆக வேண்டும். நல்ல குடும்பத்தார் இருக்கிற வேறு வீடு மேட்டுத் தெருவில் இருந்தால் தெரிவிக்கவும்.

ப. ரங்கநாதன்


செஞ்சி
31-5-1946

அன்புள்ள ரங்கநாதனுக்கு,

மேட்டுத் தெருவில் பதினாலு வீடுகள். பதினாலிலும் கேட்டுவிட்டேன். காலியாக இருப்பது ஒன்றுதான்.

ஆகையால் நேற்று லில்லியையும் கூட்டிக்கொண்டு அமிர்தவல்லி அம்மாள் வீட்டுக்குப் போனேன். பெண்கள் கேட்கவேண்டிய கேள்வி சில உண்டு, அதை நான் கேட்க முடியாது. அறைக்கு உள் தாழ்ப்பாள் இருக்கிறது. கிணறு வீட்டுக்குள்ளேயே. தண்ணீருக்குத் தெருவுக்குப் போக வேண்டியதில்லை. கல்லைக் குடைந்த கிணறு, தண்ணீர் கண்ணாடி மாதிரி. சுவரை ஒட்டின அடுத்த வீடு ஓய்வுபெற்ற தபால்காரர் ஜெயராமன் வீடு. அவர் சம்சாரமும் மருமகளும் எந்நேரமும் வீட்டில் இருப்பவர்கள். இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அமிர்தவல்லி அம்மாள் வெளியே போகிற நாளில் மருமகள் வந்து கூடப் படுத்துக்கொள்வாளாம். லில்லி அந்த மருமகளிடமே கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

பிறகு அங்கிருந்து பள்ளி வரை இரண்டு பேரும் நடந்தோம். நான் நடந்தால் பன்னிரண்டு நிமிஷம். புடவை கட்டி, கையில் புத்தகம் வைத்திருக்கிற மாதிரி லில்லியை நடக்கச் சொன்னேன். "எனக்கு இது ஒண்ணுதான் கொறச்சலா இருந்துச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். இருபது நிமிஷம். வழியில் கள்ளுக்கடை இல்லை. ஒரு நெசவுக்காரர் தெரு, ஒரு மளிகைக்கடை, ரேஷன் கடை. எப்போதும் ஆள் நடமாட்டம் உண்டு.

வாடகையைக் குறைக்கலாமா என்று கேட்டதற்கு அமிர்தவல்லி அம்மாள் சொன்னது: "காசே வேணாம்னு சொல்ல எனக்கு ஒரு நிமிசம் ஆவாது. ஆனா சும்மா இருந்தா அந்தப் பொண்ணு கூனிக்குறுகி நிக்கும். ரெண்டு பாத்திரம் சேத்து கழுவும். மூணு ரூபா குடுத்துச்சுன்னா தன் வூடு மாதிரி காலை நீட்டிப் படுக்கும், படிக்கும்."

ஊர் பேசுகிறது என்று எழுதியிருக்கிறாய். இந்த ஊரில் பேசுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் அந்த அம்மாள் கையில்தான் பிறந்தார்கள்.

அந்த அறைதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. உனக்குப் பிடிக்காவிட்டால் மாதா கோயில் தெருவில் எங்கள் வீட்டிலேயே வை. இரண்டு மைல் நடக்கட்டும். அகழித் தெருவில் மட்டும் விடாதே.

ஆரோக்கியநாதன்


பனமலை
6-6-1946

ஆரோக்கியநாதா,

அகழித் தெருவில் மட்டும் விடாதே, விடாதே என்று எழுதிக்கொண்டே இருக்கிறாய். துரைக்கண்ணு குடும்பம் அங்கே நாற்பது வருஷமாக இருக்கிறது. நீ சொல்கிற மாதிரி இருந்தால் அந்தத் தெருவில் புல் முளைத்திருக்க வேண்டும்.

வேண்டாம் என்றுதான் இருந்தேன், இப்போது எழுதிவிடுகிறேன். 1943 ஐப்பசியில் குளிர்காய்ச்சலில் கிடந்த மீனம்பாளை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வலது பக்கம் திரும்பினால் விழுப்புரம், பெரிய ஆஸ்பத்திரி. நீ இருக்கிறாய் என்றுதான் மாட்டைச் செஞ்சிக்குத் திருப்பினேன். நீ நாடியைப் பார்த்துவிட்டு ஒரு சீசாவைக் கையில் கொடுத்து, "ஒண்ணும் இல்லடா, கொய்னா மருந்து கலந்து குடுத்திருக்கேன், ரெண்டு நாள்ல எழுந்து உக்காந்துடுவா" என்றாய். நாலாம் நாள் அவள் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்று, "தண்ணிய ஊத்திக் குடுத்தியாடா?" என்று கேட்டேன். மாதா மேல் சத்தியம் பண்ணினாய்.

பயப்படாதே என்று சொன்னதும் அந்த வாய்தான். பயப்படு என்று இப்போது சொல்வதும் அதே வாய்தான். நான் எதை நம்பிப் பெண்ணை விடுவது?

துரைக்கண்ணு வீட்டு விலாசத்தையே பள்ளிக்கு எழுதிவிடப்போகிறேன். உன் சிரமத்துக்கு வந்தனம்.

ரங்கநாதன்


செஞ்சி
10-6-1946

ரங்கநாதனுக்கு,

பள்ளிக்கு எழுதுவதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்பதற்காக, தபால் பை கட்டுவதற்குள் தபாலாபீசிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்டது சரி. அந்தச் சீசாவில் கொய்னா இல்லை.

கொய்னா மரம் விளைகிற ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு அந்த மருந்து வரத்தே நின்றுபோனது. இருந்ததைப் பாதியாக்கிக் கொடுத்தோம், பிறகு கால் பங்கு. மீனம்பாளை நீ கொண்டுவந்ததற்கு முந்தின வெள்ளிக்கிழமை அதுவும் தீர்ந்துவிட்டது. மருந்து இல்லை என்று தெரிந்தால் ஜனங்கள் கலவரப்படுவார்கள், வெளியே மூச்சு விடாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிலவேம்பைக் காய்ச்சி வடிகட்டிச் சாயம் சேர்த்து வைத்திருந்தோம். கசப்பாக இருந்தால் மருந்து என்று நம்புவார்கள். உனக்குக் கொடுத்ததும் அதுதான்.

டாக்டர் சொன்னார் என்று சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவர் அன்றைக்கு ஊரில் இல்லை. அறையில் நீயும் நானும் அவளும்தான் இருந்தோம். விழுப்புரத்தில் கொய்னா வந்திருக்கிறது என்று அந்த வாரம் பஜாரில் பேசிக்கொண்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்ததும் "எங்கிட்ட இல்லடா" என்று சொல்ல வாய் வரவில்லை. நீ என்னை நம்பி வந்திருந்தாய். நம்பி வந்தவனிடம் கையை விரிக்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காக உன்னைத் திருப்பி அனுப்பாமல் விட்டேன். பிறகு வாசலில் நின்று நீ கேட்டபோது பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தியம் பண்ணினேன்.

எங்கள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "எங்கிட்ட சொல்லிட்டா ஆச்சா? அவருகிட்ட போய்ச் சொல்லு" என்றார். இரண்டு தடவை அனந்தபுரம் வரை வந்துவிட்டுத் திரும்பினேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒன்றே. பொய் சொன்னவன் பேச்சு என்று அகழித் தெரு விஷயத்தை நீ தள்ளிவிடக்கூடாது. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. பெண்ணை மட்டும் அங்கே விடாதே.

ஆரோக்கியநாதன்


பனமலை
20-6-1946

ஆரோக்கியநாதனுக்கு,

உன் கடிதம் வந்து ஏழு நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் அதைக் கையால் தொடவில்லை.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் உன்னோடு சண்டை போட்டிருக்க மாட்டேன். மாட்டைத் திருப்பி ஓட்டியிருப்பேன். பொழுது சாய்வதற்குள் விழுப்புரம் போயிருப்பேன். நிலவேம்பு என் கொல்லையிலேயே மண்டிக் கிடக்கிறது. அதற்காகவா அவளை அவ்வளவு தூரம் கொண்டுவந்தேன்?

இதற்கு மேல் அவளைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

சுந்தராம்பாளுக்குத் தெரியாமல் எதையும் முடிவு செய்யக்கூடாது என்று கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். படித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். வெகுநேரம் வரவில்லை. நானும் போகவில்லை. திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், அடுப்பு மூட்டினாள். சாப்பாடு போடும்போதுதான் பேசினாள்.

"நைனா, துரைக்கண்ணு சித்தப்பா நல்லவரு. ஆனா காய்ச்சல் இருக்குதுன்னு அவரு ஒரு வார்த்தை நம்மகிட்ட சொல்லலியே. இவரு தன் மானம் போனாலும் போவட்டும்னு எழுதியிருக்காரு. நான் மேட்டுத் தெருவுலயே இருந்துக்கறேன்."

"அந்தாளை மன்னிச்சுட்டியா?" என்று கேட்டேன்.

"அது வேற நைனா. இது வூடு பாக்கற விசயம்" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் படுகிறது. மேட்டுத் தெரு விலாசத்தைப் பள்ளிக்கு எழுதிவிட்டோம். துரைக்கண்ணுவிடம் நானே போய்ச் சொன்னேன். இனிமேல் உன் வீட்டு நல்லது கெட்டதற்கு என்னைக் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டான். சரி என்று வந்துவிட்டேன்.

முப்பதாம் தேதி அவளைக் கொண்டுவந்து விடுகிறேன். ரேஷன் கார்டை மாற்ற வேண்டும். நீ வீட்டுப் பக்கம் வர வேண்டாம். லில்லி வந்தால் போதும்.

ரங்கநாதன்


செஞ்சி
14-11-1946

ரங்கநாதனுக்கு,

சுந்தராம்பாள் சுகமாக இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிட்டேன். செஞ்சியில் காய்ச்சல் என்ற செய்தி உனக்கு வந்திருக்கும். மேட்டுத் தெருவில் இதுவரை இரண்டே பேருக்கு. அவள் ஒரு நாள்கூடப் பள்ளி தவறவில்லை.

நான் அவளைத் தொந்தரவு செய்வதில்லை. லில்லிதான் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறாள். ஆனால் போன வாரம் அவளே என்னிடம் வரும்படி ஆகிவிட்டது.

அகழித் தெரு முழுக்கப் படுத்துவிட்டது. கொய்னா அளந்து அளந்துதான் வருகிறது. குளிர்காய்ச்சலுக்குப் பட்டாளத்தில் கொடுத்துக்கொண்டிருந்த மஞ்சள் மாத்திரையும் கொஞ்சம் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தேன், கொய்னா தீர்ந்திருந்தது, மாத்திரை பதினொரு பேருக்குத்தான் காணும். வெளியே எழுபது பேருக்குக் குறையாது. டாக்டர் உள்ளே கூப்பிட்டு, "பழையபடி கலந்து ஊத்துய்யா, கசப்பு மட்டும் கொறையாம பாத்துக்கோ" என்றார்.

நான் வெளியே வந்து படியில் நின்றேன். "கொய்னா தீந்துபோச்சு. மாத்திரை பதினோரு பேருக்குத்தான் இருக்குது. புள்ளத்தாச்சிக்கும் கொழந்தைங்களுக்கும் குடுத்துடறேன். திண்டிவனம் ஆஸ்பத்திரில மருந்து வந்திருக்குது, மத்தவங்க அங்க போயிடுங்க. இங்க காத்துக் கெடக்காதீங்க" என்று கத்தினேன். கூச்சல் எழுந்தது. ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். பின்னால் நின்றவர்களுக்கு நான் சொன்னது கேட்கவில்லை.

அப்போது பள்ளிக்குக் கிளம்பின சுந்தராம்பாள் கூச்சல் கேட்டு அமிர்தவல்லி அம்மாளோடு வந்தாள். நான் கத்தினது அவள் காதில் விழுந்தது. மருந்து வந்த மரப்பெட்டி மூடியை எடுத்துக் கவிழ்த்து வைத்து, பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தாள். "காய்ச்சல் மருந்து இங்கே இல்லை. திண்டிவனத்தில் இருக்கிறது" என்று தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி பெரிய எழுத்தாக எழுதி வாசலில் நிறுத்தினாள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினாள். அமிர்தவல்லி அம்மாள் லாரி ஷெட்டுக்குப் போய் இரண்டு லாரியைக் கூட்டிவந்தார். இரண்டு டிரைவர்களும் அவர் கையில் பிறந்தவர்கள்.

துரைக்கண்ணுவின் மனைவி மாரியம்மாளையும் நினைவில்லாமல் தூக்கி வந்திருந்தார்கள். "ரங்கநாதன் அண்ணன் எனக்குச் சொந்தம்தானே, ஒண்ணே ஒண்ணு குடு" என்று துரைக்கண்ணு கேட்டார். சட்டைப் பையில் எனக்காக எடுத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. பையைத் திருப்பிக் காட்டினேன். முதல் லாரியில் அவர்களை ஏற்றிவிட்டேன். நேற்று மாரியம்மாள் எழுந்து கஞ்சி குடித்ததாகச் செய்தி வந்தது. மற்றவர்களில் ஒருவர் மட்டும் வழியிலேயே போய்விட்டார். எழுபது வயசுக்காரர்.

டாக்டர் என்னை இனி வர வேண்டாம் என்றார். இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். மூன்றாம் நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மறுபடி வேலைக்குப் போகிறேன்.

மீனம்பாளுக்கு இதனால் எதுவும் ஆகப்போவதில்லை என்று தெரியும். நடந்ததைத் தெரிவித்தேன்.

ஆரோக்கியநாதன்


பனமலை
20-11-1946

ஆரோக்கியநாதனுக்கு,

உன் கடிதத்துக்கு முன்னாலேயே துரைக்கண்ணு வந்துவிட்டான். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தான். "மருந்து இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு அண்ணா. எனக்கு அப்ப வந்த ஆத்திரத்துல அவரை அடிச்சிருப்பேன். ஆனா அவரு அப்படிச் சொன்னதாலதான் மாரி பொழச்சா" என்றான். சொல்லிவிட்டு அழுதான். அகழித் தெருவை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கப்போகிறானாம். எந்தத் தெரு நல்லது என்று உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னான். அவனுக்கு உன்னிடம் நேரில் கேட்கக் கூச்சம்.

அவன் போன பிறகு ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வந்தேன். மாரியம்மாள் பிழைத்தது எனக்குச் சந்தோஷம். அதே நேரம் வயிறு எரிந்தது. இவளுக்குச் சொன்னாயே, அவளுக்குச் சொல்லாமல் விட்டாயே என்று. இரண்டையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மறைக்காமல் எழுதினவனிடம் நான் மறைத்தால் நன்றாக இருக்காது.

சுந்தராம்பாள் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறாள். அதில் உன்னைப் பற்றி ஒரே ஒரு வரி: "கம்பவுண்டர் ரொம்ப இளைத்துவிட்டார், அவருக்கும் காய்ச்சல் இருக்கும் போலிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை." உண்மையா? உண்மையானால் நீயும் திண்டிவனம் போ. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நீ உட்கார்ந்திருக்காதே.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க வருகிறேன். நீ பூசை முடிந்து வருகிற நேரத்துக்கு உன் வீட்டுக்கும் வருவேன். லில்லியிடம் சொல்லி விருந்து எதுவும் வைக்க வேண்டாம். உன் எதிரில் உட்கார்ந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. வந்து உட்கார்ந்து பார்க்கிறேன். சாப்பிட முடிந்தால் சாப்பிடுகிறேன்.

ரங்கநாதன்